ஒற்றை இலையும் உறவு கொண்டாடியவர்களும்

கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் குடியேறிய ஓய்வுபெற்ற தமிழர்களுக்கு இரண்டு அலுவல்கள் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது ஒன்று. தாங்கள் முன்பு எத்தகைய பதவியில் இருந்தோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பது மற்றொன்று. இரண்டாவது அலுவலுக்காகவே எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். கூட்டத்தின் பெயர் மூத்தோர் வட்டம். வட்டத்தின் தலைவர் சென்னையில் வங்கி மேலாளராக இருந்தவர். மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தாரே தவிர, அந்த நாற்காலி இன்னும் அவரை விட்டு எழவில்லை.

வட்டத்தில் 'உலக உலா' என்றொரு நிகழ்ச்சி நடக்கும். உறுப்பினர் ஒருவர் தாம் கண்ட நாட்டைப் பற்றிப் படங்களுடன் பேசவேண்டும். நான் கேட்ட உலாக்களின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போனார். அவர் காட்டிய படங்களில் பனிமலையைவிடக் கப்பலின் சாப்பாட்டு மேசைகளே அதிகம். இன்னொருவர் சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, அங்கே எந்த ஊரில் தயிர்சாதம் கிடைத்தது என்று சொல்லி முடித்தார். நயாகராவுக்குப் போய்வந்த பொறியாளர் ஒருவர் எல்லாப் படத்திலும் அருவியை மறைத்துக்கொண்டு தாமே நின்றார். இவர்கள் நாடு நாடாகப் போய்த் தங்களையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதற்கு விமானச் சீட்டு எதற்கு, வீட்டுக் கண்ணாடியே போதுமே என்று நான் நினைத்ததுண்டு. சொன்னதில்லை. மகளின் வீட்டில் தங்கியிருக்கும்போது சில அடக்கங்கள் தேவைப்படுகின்றன.

ஒருநாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், நீங்க இண்டோனேசியால இருந்தீங்களாமே! உங்க டாட்டர் சொன்னாங்க. பாலி தானே?"

"பாலி இல்லை, சார். மேற்கு ஜாவா. சுந்தா மக்கள் வாழும் மலைநாடு."

"ஓகே ஓகே, பாலி சைடு. அடுத்த மாச உலா உங்களோடது, ஃபிக்ஸ் பண்ணிட்டேன். அப்படியே எழுதியும் குடுத்துடுங்க, ஆண்டு மலர்ல போட்டுடலாம்."

தஞ்சாவூரைக் காஷ்மீர்ப் பக்கம் என்று எவராவது சொன்னால் இவர் எப்படித் துடிப்பார் என்று எண்ணிக்கொண்டே ஒப்புக்கொண்டேன். ஆண்டு மலர் என்பதுதான் என்னை இணங்கச் செய்தது. கோவையில் நான் புவியியல் கற்பித்த மகளிர் கல்லூரியின் பழைய மாணவியர் பலர் இங்கே இருக்கிறார்கள். மலர் அவர்கள் கைக்கும் போகும். என் பெயரில் அச்சாவது எதுவும் என் வகுப்பறையில் நான் சொன்னதற்கு ஒப்பாக இருக்கவேண்டும் என்பதில் நான் ஒருபோதும் தளர்ந்ததில்லை.

சுந்தா நாட்டுக்கு நான் போன காரணம் எளியது. என் கணவர் நூற்பாலைத் தொழில்நுட்பம் அறிந்தவர். பாண்டுங் நகரத்துக்குக் கீழேயுள்ள சமவெளியில் இருந்த ஓர் ஆலை அவரை அழைத்தது. நான் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உடன் போனேன். ஆலைக் குடியிருப்பில் நம்மவர் பெண்கள் நிறைய இருந்தார்கள். காலையில் புடவை, மாலையில் சீட்டாட்டம், நடுவில் ஊரிலிருந்து யார் மிளகாய்ப்பொடி கொண்டு வருகிறார்கள் என்ற ஆராய்ச்சி. ஆலையின் மதிலுக்கு வெளியே ஒரு நாடு இருக்கிறது என்ற செய்தி அவர்களுக்கு எட்டவேயில்லை. எனக்கு அந்தச் சகவாசம் ஒத்துவரவில்லை. மலைச்சரிவில் உழவர் கிராமம் ஒன்றில், வயலும் மீன்குளமும் சொந்தமாக உடைய ஒரு கைம்பெண்ணின் வீட்டில் அறை வாடகைக்கு எடுத்து, நடவுக்கும் அறுவடைக்கும் போய்த் தங்கினேன். நான் போனது பொழுதைக் கழிக்க அல்ல. ஓர் ஊர் எப்படித் தன் நிலத்தோடு பொருந்தி நிற்கிறது என்று பார்த்து எழுதப் போனேன்.

அந்த வட்டாரத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கீழே சமவெளியில் ஆலைகள். அவற்றின் நடுவே ஓடும் ஆறு, அன்றைக்கு எந்தச் சாயம் காய்ச்சினார்களோ அந்த நிறத்தில் ஓடியது. என் கணவர் வேலை பார்த்த ஆலையின் கழிவும் அதில் கலந்தது. இதை மறைத்து எழுதுவதானால் எழுதவே வேண்டியதில்லை. ஆலைகளைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றுக்கு மேலே தலைநகரமான ஜகார்த்தாவுக்கு லாரியில் போகும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். இன்னும் மேலே வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன தேயிலை. உச்சியில் எரிமலை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அவித்த முட்டை கெட்டுப்போன வாடை அடிக்கும். ஆனால் அந்த மலை எப்போதோ கக்கிய சாம்பல்தான் அந்த மண்ணைக் கரிசலாக்கிச் சோறு போடுகிறது. ஊரார் மலையைத் திட்டியும் நான் கேட்டதில்லை, கும்பிட்டும் பார்த்ததில்லை. மாமியாரைப் போல அதனோடு பழகினார்கள்.

ஊரென்று சொன்னாலும் நெருக்கமான தெரு கிடையாது. கல்லின்மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், மூங்கிலில் முடைந்த சுவர்கள், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் ஒரு மீன்குளம். மேல்வயலின் தண்ணீர் மூங்கில் குழாய் வழியே குளத்தில் விழுந்து, குளம் நிரம்பிக் கீழ்வயலுக்குப் போகும். குளத்தின் மேல் கழிப்பிடமும் உண்டு. மீன்கள் அதையும் வீணாக்குவதில்லை. நம்மவர்கள் இந்த இடத்தில் மூக்கைச் சுளிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினேன். எந்தத் துளியும் எங்கும் சும்மா கிடக்காத ஏற்பாடு அது. மூக்கைச் சுளிப்பவர்கள் தங்கள் வீட்டுக் கழிவு எந்த ஊரின் வழியாக எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊரார் முஸ்லிம்கள். ஐந்து வேளைத் தொழுகை, ஊர் நடுவில் பள்ளிவாசல், பிள்ளைகளுக்கு மாலையில் ஓதும் பாடம். அதே ஊரில் நெல் ஒரு தெய்வம். அவளுக்கு ஸ்ரீ என்றுதான் பெயர். பழைய நெட்டை ரக நெல்லை அரிவாளால் அறுக்கமாட்டார்கள். உள்ளங்கைக்குள் மறையும் சிறு கத்தியால் பெண்கள் ஒவ்வொரு கதிராகக் கிள்ளுவார்கள். பெரிய இரும்பைக் கண்டால் அவள் மிரண்டுவிடுவாளாம். வீட்டுக்குள் அடுக்களையை ஒட்டி ஓர் அறை இருக்கும். அரிசி அங்கேதான். கதவில்லாத வாசலில் ஒரு துணி தொங்கும். அந்த அறைக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. வீட்டுக்காரனாக இருந்தாலும், ஊர்த்தலைவனாக இருந்தாலும், எட்டிப் பார்ப்பதுகூடத் தவறு. என்னை அந்த வீட்டுக்காரி உள்ளே அழைத்துப் போனாள். பேசக் கூடாது என்று உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினாள். அரிசிப்பானைக்கு அருகில் ஒரு சிறு கண்ணாடி, ஒரு சீப்பு, மடித்த துணி ஒன்று. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கொட்டாங்குச்சியால் அரிசியை அள்ளி எடுத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "உங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் ஒன்றும் சொல்லமாட்டாரா?"

"அவரு வீட்டம்மா இந்த மாதிரி அறையிலேர்ந்து எடுத்துப்போட்டாத்தான் அவருக்குச் சோறு" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களைப் பூனை எழுந்து ஓடிவிட்டது.

இவ்வளவையும், அறுவடை நாளின் வாழையிலைச் சாப்பாட்டையும் எழுதி, படங்களைத் தெரிந்தெடுத்து, தலைவருக்கு அனுப்பினேன். அவர் மனைவியை அழைத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். அந்த அம்மாள் வட்டத்துக்குத் தவறாமல் வருவார். சுண்டல் பாத்திரத்தை எடுத்து வைப்பார். பேசி நான் கேட்டதில்லை. மகள் காபி கொடுத்துவிட்டு ஏதோ மீட்டிங் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க மேடம். பிஹெச்டி லெவல்! ஒரே ஒரு சின்ன சஜஷன்" என்றார் தலைவர். அவருடைய ஒரே ஒரு சஜஷனுக்கு மூன்று கிளைகள் இருந்தன. "அந்தக் குளத்து மேட்டர் வேணாம், சாப்பாட்டு டைம். அப்புறம் அந்த மசூதி ஸ்லைடு. முஸ்லிம்னு அவ்ளோ அழுத்திச் சொல்லணுமா? நம்ம ஆளுங்க ஒரு மாதிரி எடுத்துப்பாங்க. சொல்லாம ஸ்கிப் பண்ணிடலாம்."

"மூன்றாவது?"

"கடைசியா ஒரு பாரா சேத்துடுங்க. இவங்க எல்லாரும் சோழர் காலத்துல இங்கேர்ந்து போன நம்ம ஆளுங்கதான்னு. நெல்லு, ஸ்ரீ, வாழை எலை, எல்லாம் மேட்ச் ஆகுதே மேடம்! அதக் கேட்டா ஹால்ல கிளாப்ஸ் அள்ளும்."

"சார், அவர்கள் நம்மவர்கள் அல்லர். கப்பல் போயிருக்கலாம், வணிகர் போயிருக்கலாம். ஸ்ரீ என்ற சொல்லும் போயிருக்கிறது. சொல் போனால் இரத்தமும் போனதாகாது. அவர்களுக்குத் தனி மொழி, தனிக் கதை இருக்கிறது. அதே தீவில் பக்கத்திலிருக்கும் ஜாவா மொழிக்காரர் என்று சொன்னாலே முகம் வாடுபவர்கள்; தமிழர் என்றால் சிரித்துவிடுவார்கள்."

"அவங்க எங்க இதப் படிக்கப் போறாங்க?"

இதுதான் தலைவரின் அறிவியல். எவரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் காதில் விழாது என்றால் எதையும் சொல்லலாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு இவர் வங்கியில் எத்தனை பேரைப் பற்றி எத்தனை குறிப்பு எழுதினாரோ!

"அவர்கள் முஸ்லிம் என்ற உண்மையை எடுத்துவிட்டு, நம்மவர் என்ற பொய்யைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். உறவு வேண்டும், உறவினர் இருக்கிறபடி வேண்டாம். என் பெயரில் இது வராது."

தலைவர் காபியைக் கீழே வைத்தார். "சரி, நீங்க சொல்ல வேணாம் மேடம். நன்றியுரை என்னோடது தானே, அதுல நான் சொல்லிக்கறேன். மலர்லயும் அதையே உங்க கட்டுரைக்குக் கீழ போட்டுடறேன். யாரு சொன்னதுன்னு எவன் பாக்கப் போறான்?"

எவரும் பார்க்கமாட்டார்கள் என்பதுதானே ஆபத்து. என் கட்டுரையின் காலடியில் அந்தப் பத்தி நின்றால் அது என் பத்தியே. கல்லூரியில் என்னிடம் படித்த பெண்கள் அதைப் படித்து, மேடத்துக்கு வயதாகிவிட்டது என்று இரக்கப்படுவார்கள். இந்த இரக்கத்தைவிட எனக்கு எந்த ஏச்சும் மேல். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். "பிளையர் போயாச்சே மேடம்" என்று சிரித்தார். அவர் மனைவி போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிளையர் என்கிற அந்த நிகழ்ச்சி அறிவிப்பை மகள் கைப்பேசியில் காட்டினாள். பிளந்த கோபுரம்போல் நிற்கும் பாலித்தீவுக் கோயில் வாயில், அதன்முன் தலையில் பூக்கிரீடம் வைத்த நடனப் பெண்கள். மேலே என் பெயர், பட்டங்களுடன். நான் தங்கியிருந்த ஊரின் பெண்கள் இந்தக் கோலத்தில் வயலில் இறங்கினால் நாற்று தானாகவே கரையேறி ஓடியிருக்கும்.

பின்வாங்க வழியில்லை என்றானதும் மதிய உணவை நானே ஏற்றுக்கொண்டேன். சாப்பாட்டைச் சொல்லாமல் ஓர் ஊரைச் சொல்லிவிட்டதாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊரில் அறுவடை நாளில் வரப்போரம் வாழையிலைகளை நீளமாக ஒன்றன்மேல் ஒன்று படியப் பரப்புவார்கள். எலுமிச்சம்புல் போட்டு வடித்த சோற்றை நடுவில் வரப்புபோலவே குவிப்பார்கள். அதன்மேலேயே கருவாடு, வறுத்த டெம்பே என்கிற சோயாக் கட்டி, அரைத்த மிளகாய், பச்சையாகத் தின்னும் காய்கள், தழைகள். இருபுறமும் எல்லாரும் உட்கார்ந்து அந்த ஒரே இலையில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரி, அவளுடைய கூலியாட்கள், ஓதிக்கொடுக்கும் ஆசிரியர், நான். கரண்டி தட்டில் பட்டாலே எச்சில் என்று பாத்திரத்தை ஒதுக்கிவைத்த குடும்பத்தில் பிறந்தவள் நான். ஆனால் அங்கே ஒழுங்கில்லாமல் எதுவும் நடக்கவில்லை. தனக்கு நேரே உள்ளதைத்தான் எடுக்கவேண்டும். எதிரில் உள்ளவரின் பக்கம் விரல் போகக் கூடாது. தனக்கு வயிறு நிறைந்தாலும் கடைசி ஆள் முடிக்கும்வரை எழக் கூடாது. சிந்தாமல், அளையாமல், முந்தாமல் உண்ணத் தெரிந்தவர்களுக்கே அது கைவரும். நமது கல்யாணப் பந்திகளில் இலைக்குப் பின்னால் ஆள் நின்று நாற்காலி பிடிக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

"அம்மா, எல்லாரும் ஒரே இலையிலயா?" என்றாள் மகள். "நம்மாளுங்க சாப்ட மாட்டாங்கம்மா. பேப்பர் பிளேட் வாங்கி வெச்சுடறேன்."

"வேண்டாம். அப்படித்தான் அங்கே உண்பார்கள். அதைத்தான் காட்டப்போகிறேன்."

"ஹைஜீன்னு சொல்வாங்க."

"கை கழுவச் சொல்."

ஆசியக் கடையில் உறைந்த வாழையிலைக் கட்டுகளை வாங்கி, உருகவிட்டு, அடுப்பில் வாட்டி நிமிர்த்தினேன். வாட்டாமல் விரித்தால் அவை கிழிந்துவிடும். வட்டத்தில் சைவர்கள் பலர் என்பதால் கருவாட்டை விட்டேன். முழங்காலைக் காரணம் சொல்லக்கூடும் என்று, தரையில் பரப்பாமல் மண்டபத்து மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து, நாற்காலிகள் போட்டு, மேசையின் முழு நீளத்துக்கும் இலை விரித்தேன். எவருக்கும் எந்தச் சாக்கும் மிச்சம் வைக்கவில்லை.

உரை நடந்த விதத்தை நீட்டவேண்டாம். சுந்தா ஊரில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நடக்க நேர்ந்தால் உடலைத் தாழ்த்தி, வலக்கையைக் கீழே நீட்டி, பொறுத்தருள்க என்ற பொருளில் "புன்தென்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அப்படித்தான் போகும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சமோசாவோடு புரொஜெக்டருக்குக் குறுக்கே நிமிர்ந்த தலையோடு நடந்து போனார். நெல்தெய்வத்தின் மேல் அவருடைய நிழல் விழுந்தது. பள்ளிவாசல் படத்தைக் காட்டினேன். குளத்தையும் சொன்னேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் கேள்விகள்.

"மேடம், அங்க வெஜ் ஹோட்டல் இருக்கா?"

"அந்த ஹில்ஸ்ல லேண்ட் வாங்கலாமா? நமக்கு விப்பாங்களா?"

ஒரு கிராமத்தை இவ்வளவு விரிவாகச் சொன்னபின் இவர்களுக்கு எழுந்த ஐயங்கள் இவை. ஒன்று வயிறு, ஒன்று மனை.

உணவு மேசையைக் கண்டதும் கூட்டம் நின்றுவிட்டது. ஓர் அம்மாள் இலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார்.

"பாக்க அழகா இருக்கு மேடம். எங்க எலை எது?"

"இதுதான். எல்லாருக்கும் ஒன்றே. உங்களுக்கு எதிரில் இருப்பது உங்கள் பங்கு."

"அப்ப... எச்சி?"

"உங்கள் கை உங்கள் பக்கம்தானே போகும்? அடுத்தவர் பக்கம் போனால்தான் பேச்சு."

எவரும் உட்காரவில்லை. ஒருவர் மருத்துவர் சொன்னதைச் சொன்னார். ஒருவர் கோவிட்டை நினைவுபடுத்தினார். இன்னொருவர் பச்சைக் கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெடிபொருளை வைப்பதுபோல் வைத்தார். அப்போது தலைவர் சமையல்மேடைக்குக் கீழேயுள்ள அலமாரியைத் திறந்து, பொங்கல் விழாவில் மிஞ்சிய காகிதத் தட்டுக் கட்டை வெற்றியோடு உருவி எடுத்தார். மேலாளருக்கே உரிய சமயோசிதம். முதல் தட்டு அவருடையது. கூட்டம் பின்னால் வரிசை கட்டியது. சோற்று வரப்பின் இரண்டு முனைகளிலும் கரண்டி விழுந்தது. மழையில் மலைச்சரிவு சரிவதுபோல் அது இரு பக்கமும் கரைந்தது. எல்லாரும் சுவரோரம் நின்று தின்றார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, கையால், எனக்கு நேரே இருந்ததை உண்ணத் தொடங்கினேன். தனியாக உண்பதில் எனக்குக் கூச்சமில்லை. அரை வயிற்றில் எழுந்து அவர்களோடு நிற்பதில்தான் கூச்சம்.

தலைவர் தட்டை இடக்கையில் ஏந்தியபடியே மைக்கைப் பிடித்தார்.

"மேடத்துக்கு ஒரு பெரிய கைத்தட்டு குடுங்க! இப்ப நான் ஒரு ரகசியம் சொல்லப்போறேன். இந்தச் சுந்தா ஜனங்க யாருன்னு நெனக்கறீங்க? வேற யாருமில்ல, நம்ம..."

"சார், ஒரு நிமிடம்" என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்ட குரல் இது. இதற்கு மைக் தேவைப்பட்டதில்லை. "உறவினர் என்று சொல்லப் போகிறீர்களா?"

"ஆமா மேடம், அதத்தான் அழகா சொல்ல..."

"அப்படியானால் இங்கே வாருங்கள். உறவினரோடு உட்காரும் இடம் இது. அவர்கள் இலையில் இப்படித்தான் உண்பார்கள். எதிரில் உட்கார்ந்து கைவைத்துவிட்டு, பிறகு உறவு சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்."

தலைவர் தட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

"அது வந்து மேடம்... நான் ஆல்ரெடி பிளேட்ல..."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நயாகராவை மறைத்து நின்ற அதே பொறியாளர். "என்ன சார், சொந்தக்காரங்கன்றீங்க, கை நனைக்க மாட்டேன்றீங்க?"

சிரிப்பு எழுந்தது. அந்த மனிதரை அன்று முதல் நான் சற்று மன்னித்திருக்கிறேன். யார் வீட்டில் கை நனைப்பது, யார் வீட்டில் தண்ணீரோடு எழுந்துவிடுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்தே உறவு வைத்தவர்கள் நாம். அந்தக் கணக்கு அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டிய இந்த உறவும் கையை நனைக்காமலே கொண்டாடத்தக்க உறவு என்பது அந்தச் சிரிப்பில் அனைவருக்கும் விளங்கிவிட்டது.

அப்போதுதான் தலைவரின் மனைவி தம் காகிதத் தட்டை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டார். கைகழுவிக்கொண்டு வந்தார். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு, தமக்கு நேரே இருந்த சோற்றில் கைவைத்தார்.

"இந்தப் பச்சக் கத்திரிக்காய எப்படி மேடம் சாப்டணும்?"

"மிளகாய் விழுதில் தொட்டுக் கடிக்கவேண்டும்."

கடித்தார். கண்ணில் நீர் வந்தது. "நல்லாருக்கே" என்று இன்னொன்றை எடுத்தார்.

தலைவர் மைக்கில், "எல்லாருக்கும் நன்றி, அடுத்த மாசம் டெக்சாஸ் டிரிப் பத்திப் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு புரொஜெக்டர் விளக்கை அணைக்கப் போனார். நம்ம என்ற சொல்லோடு நின்ற அந்த வாக்கியம் அன்று முடியவேயில்லை.

"ஏம் மேடம்" என்றார் அவர் மனைவி, குரலைத் தாழ்த்தாமலே, "நெஜமாவே அந்த ரூமுக்குள்ள ஆம்பளைங்க போகவே கூடாதா?"

"எட்டியும் பார்க்கக் கூடாது."

"எங்க வீட்ல அரிசி எந்தக் கடைன்னு சொல்றதும் இவருதான், எந்த டப்பால கொட்டணும்னு சொல்றதும் இவருதான். இங்க கட்டற வீட்ல எல்லாம் என்னென்னமோ ரூம் வெக்கறாங்க. இது ஒண்ணு வெக்க மாட்டேங்கறாங்களே!"

அவர் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. நான் உண்டு முடித்திருந்தேன். அவர் முடிக்கும்வரை எழவில்லை.

ஆண்டு மலர் வந்தது. கட்டுரை முழுமையாக இருந்தது. பள்ளிவாசல் இருந்தது, மீன்குளம் இருந்தது, அதன் மேலிருந்ததும் இருந்தது. கீழே எந்தப் பத்தியும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் தலைப்புக்கு மேலே, பிளையரில் இருந்த அதே பாலித்தீவு வாயில் வண்ணத்தில் நின்றது. இவர்களிடம் ஒரு பொய்யைப் பிடுங்கினால் இன்னொன்றை மாட்டிவைத்துவிட்டுத்தான் போவார்கள்.

கோவையில் என் பழைய துறைக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டியிருந்தது. அந்த வாயிலோடு அதை அனுப்ப எனக்கு மனமில்லை. கத்தரிக்கோலை எடுத்து, ஓரம் பிசகாமல் படத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். எடுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் தலைவரின் வாழ்த்துரையும் மாலையணிந்த அவருடைய படமும் இருந்தன. வாழ்த்துரையில் பாதி மலரில் தங்கிவிட்டது. அதை வைத்து எவராலும் ஒரு வாக்கியத்தையும் முழுதாகப் படிக்க முடியாது. அதனால் புவியியல் துறைக்கு எந்த நட்டமும் இல்லை என்று முடிவு செய்து, உறையை ஒட்டினேன்.